வாசலில் சொன்ன சொல்

மே மாதம் நெருங்கினால், தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பட்டியல் எழுதப்படும். ஊருக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியல் அது. அந்த வீட்டிலும் சமையலறைக் கதவில் அப்படியொன்று ஒட்டப்பட்டிருந்தது. ஆச்சிக்குக் கம்பளிச் சால்வை, மாமாவுக்கு ஆக்ரா பேட்டா இனிப்பு, அத்தையின் குழந்தைக்கு மரத்தால் செய்த சிறு வண்டி என்று அம்மா வரிசையாக எழுதியிருந்தார். கடைசி இரண்டு வரிகள் மட்டும், ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளின் கையெழுத்தில் இருந்தன. "டார்ச் விளக்கு ஒன்று. வாயை இறுக்கிக் கட்டக்கூடிய பெரிய பாலித்தீன் பைகள் எட்டு."

அப்பா அதைப் படித்தார்; ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அந்த இரண்டு வரிகளுக்கும் காரணம் சென்ற ஆண்டுப் பயணம் என்பது மூவருக்கும் தெரியும்.

தில்லியிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டியில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவுகள் வண்டியிலேயே கழியும். சென்ற ஆண்டு அதற்கு மேலும் ஓர் இரவு தேவைப்பட்டது. திருநெல்வேலி செல்லும் வண்டியில் அன்றைக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே நிலையத்துக்கு அருகிலிருந்த ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் இரவு எழும்பூரில் வண்டி ஏறினர். தாமிரபரணிக் கரையில் உள்ள சிற்றூரில் ஆச்சியின் வீட்டை அடைந்தபோது, சிறுமியின் முன்கையில் மூன்று தடிப்புகள் ஒரே வரிசையில் சிவந்திருந்தன. கொசு கடித்திருக்கும் என்று எண்ணி ஆச்சி தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

அத்தையின் குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். சிறுமியைக் கண்டால் கைகளை நீட்டித் தாவும். காலையில் எழுந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்து வேப்பமரத்தடியில் நிற்பதுதான் அவளுடைய முதல் வேலை. தில்லியில் அவளுக்குக் கிடைக்காத செல்வம் அது. பத்து நாள்கள் அப்படிக் கழிந்தன. பதினோராம் நாள் குழந்தையின் முதுகிலும் தொடையிலும் சிவந்த தடிப்புகள் காணப்பட்டன. இரவெல்லாம் குழந்தை உறங்காமல் அழுதது. விடியற்காலையில் மாமா கட்டிலின் மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். மெத்தையின் தையலோரத்தில் பழுப்பு நிறப் பூச்சிகள் இரண்டு ஊர்ந்தன. மூட்டைப்பூச்சி!

அந்தக் கட்டில் மறைந்த தாத்தாவுடையது. கடைசல் வேலைப்பாடு அமைந்த தேக்குக் கட்டில். ஆச்சி அதனை நாள்தோறும் துடைத்து வைப்பார். அன்று அதனை முற்றத்தில் இழுத்துப் போட்டு, அதன் மூட்டுகளில் கொதிநீரை ஊற்றினார்கள். இலவம்பஞ்சு மெத்தையைக் கொல்லைப்புறத்தில் வைத்து எரித்தார்கள். அத்தை யாரையும் நேராகப் பார்க்காமல், "தில்லிப் பெட்டி வந்த பிறகுதான் இதெல்லாம்" என்றார். சொன்னது ஒரு வாக்கியந்தான். ஆனால், அதற்குப் பிறகு குழந்தை சிறுமியின் கைக்குத் தரப்படவில்லை. அவள் கைகளை நீட்டும்போதெல்லாம் ஏதேனும் ஒரு காரணம் வந்து குறுக்கே நின்றது. விடுமுறையில் இன்னும் ஒரு வாரம் மீதமிருக்க, அவர்கள் தில்லிக்குத் திரும்பினர். அதன்பின் பல மாதங்களுக்கு அம்மாவுக்கும் அவருடைய மதினிக்கும் இடையே தொலைபேசியில் நலம் விசாரிக்கும் சொற்களுக்கு மேல் பேச்சு இல்லை.

தில்லி வீட்டின் எதிர்வரிசையில் ஒரு பஞ்சாபி மூதாட்டி வாழ்கிறார். ஊரிலிருந்து ஏன் முன்னதாகவே திரும்பிவிட்டீர்கள் என்று அவர் கேட்டார். அம்மா வேறெதையோ சொல்லத் தொடங்குவதற்குள் சிறுமி உண்மையைச் சொல்லிவிட்டாள். மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். "கட்மல்தானே!" என்றார். அவருடைய இளமையில், கோடை வந்தால் கயிற்றுக் கட்டில்களையெல்லாம் வெயிலில் நிறுத்தித் தடியால் தட்டி, சட்டங்களின் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றுவார்களாம். "என் மாமியார் அது என் பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்பார். என் அம்மாவோ அது என் மாமியார் வீட்டிலிருந்து வந்தது என்பார். பூச்சி மட்டும் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேயில்லை" என்றார்.

சிறுமி அதைக் கேட்டுத் திகைத்தாள். தாமிரபரணிக் கரையில் ஊற்றிய அதே கொதிநீரைப் பஞ்சாபிலும் ஊற்றியிருக்கிறார்கள். அங்கே கேட்ட அதே குற்றச்சாட்டை இங்கேயும் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் இந்தப் பூச்சி யாருடையது? அந்தக் கேள்வியோடு அவள் பள்ளியின் அறிவியல் ஆசிரியையிடம் சென்றாள். நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டினாள். தெரிந்துகொண்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தாள்.

மூட்டைப்பூச்சிக்குச் சிறகுகள் இல்லை, பறக்காது. தெள்ளுப்பூச்சியைப் போலத் தாவவும் தெரியாது. ஊர்ந்து செல்லத்தான் இயலும். முழு வளர்ச்சி அடைந்த பூச்சி, ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் நீளம்; ஓர் ஆப்பிள் விதையின் அளவு. உடல் தட்டையானது என்பதால், ஓர் அட்டையைச் செருகக்கூடிய இடுக்கு இருந்தால் போதும், அங்கே புகுந்துகொள்ளும். கட்டிலின் மூட்டுகளில் ஒளிந்துகொள்கிறது. மனிதர்களின் மூட்டைகளில் ஏறிப் பயணம் செய்கிறது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல அதற்கு இருக்கும் வழி, பெட்டிகளும் பைகளும் பழைய மரச்சாமான்களுமே.

பகலில் அது மறைந்திருக்கும். உறங்குபவர் விடும் மூச்சுக் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் உடலின் வெப்பத்தையும் உணர்ந்து இரவில் வெளியே வரும். ஐந்து முதல் பத்து நிமிடங்களில் இரத்தத்தை உறிஞ்சிவிட்டு இடுக்குக்குத் திரும்பிவிடும். கடிக்கும்போது வலி தெரிவதில்லை. தடிப்பு சிலருக்குச் சில மணி நேரத்தில் தோன்றும். சிலருக்குச் சில நாள்கள் கழித்துத் தோன்றும். இன்னும் சிலருக்குத் தோன்றுவதே இல்லை. ஆகவே, ஒரே கட்டிலில் படுத்த இருவரில் ஒருவர் மட்டும் சொறிந்துகொண்டிருப்பதும் உண்டு. எங்கே, எப்போது கடிபட்டோம் என்று தடிப்பை மட்டும் பார்த்து உறுதியாகக் கூறிவிட இயலாது.

அதன் முட்டை வெண்மையானது. ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, ஐந்து முறை தோலுரித்த பிறகே முழுப் பூச்சியாகும். ஒவ்வொரு முறை தோலுரிப்பதற்கு முன்பும் அதற்கு இரத்தம் வேண்டும். உணவு கிடைக்காவிட்டாலும் பல மாதங்கள் உயிரோடு காத்திருக்கும். அதனால்தான் பூட்டிக் கிடந்த அறையிலும் அது இருக்கக்கூடும்.

குறிப்பேட்டில் சிறுமி இரண்டு முறை அடிக்கோடிட்ட செய்திகள் இரண்டு. ஒன்று, மூட்டைப்பூச்சியின் கடியால் மனிதருக்கு நோய் பரவுவதாக இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. அரிப்பும் உறக்கமின்மையும் உண்டு. சொறிந்து புண்ணாக்கிக்கொண்டால் அந்தப் புண்ணில் கிருமி சேரும். மற்றொன்று, அதற்கு வேண்டியது அழுக்கு அன்று. இரத்தமும் ஒளிய ஓர் இடமும் மட்டுமே. தூய்மையான வீட்டுக்கும் அது வரும். பெரிய விடுதிக்கும் வரும். பொருள்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் ஒளிவதற்கு இடுக்குகள் மிகுதி, அவ்வளவே வேறுபாடு.

இப்பூச்சியை ஒழித்துவிட்டதாக உலகம் ஒருமுறை நம்பியது. டி.டி.டி. என்னும் வேதிப்பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939ஆம் ஆண்டில் கண்டறிந்த பால் முல்லருக்கு, 1948ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால், அதற்கு முந்தைய ஆண்டிலேயே, 1947இல், ஹவாய்த் தீவுகளில் உள்ள பேர்ல் துறைமுகத்தின் படைவீரர் குடியிருப்பில், அந்த மருந்துக்கு அடங்காத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன. 1990களின் இறுதியிலிருந்து வளமான நாடுகளின் விடுதிகளிலும் வீடுகளிலும் அது மீண்டும் பெருகியது. 2023ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பாரிஸ் நகரமே இந்தப் பூச்சியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. வடக்கு, தெற்கு என்ற வேறுபாடும் ஏழை, செல்வர் என்ற வேறுபாடும் அதற்குத் தெரியாது.

குளிர்காலத்து இரவொன்றில் அம்மா தம்பிக்குப் பஞ்சதந்திரக் கதை படித்துக்கொண்டிருந்தார். அரசனின் படுக்கையில் ஒரு பேன் நெடுங்காலமாக அமைதியாக வாழ்ந்து வந்தது. அங்கே ஒரு மூட்டைப்பூச்சி விருந்தாளியாக வந்து சேர்ந்தது. அரசன் நன்றாக உறங்கிய பிறகே கடிக்க வேண்டும் என்று பேன் சொல்லியும் கேளாமல், அவசரப்பட்டுக் கடித்தது. அரசன் துள்ளி எழுந்தான். மூட்டைப்பூச்சி ஓடிக் கட்டிலின் இடுக்கில் ஒளிந்துகொண்டது. வேலையாள்கள் விளக்கைக் கொண்டுவந்து தேடினார்கள். துணியின் மடிப்பில் இருந்த பேனைக் கண்டு, அதைக் கொன்றார்கள்.

அம்மா புத்தகத்தை மூடினார். தம்பி உறங்கிய பிறகு, மகளிடம் மெல்லச் சொன்னார். "சென்ற ஆண்டு ஊருக்குப் போன மூன்றாம் நாள், நம் பெட்டியின் தையலோரத்தில் ஒரு பூச்சியைப் பார்த்தேன். நசுக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். சொன்னால் தில்லியில் நாம் எப்படி வாழ்கிறோம் என்று நினைப்பார்களோ என்று வெட்கமாக இருந்தது. அன்றே சொல்லியிருந்தால், அந்தப் பச்சைக் குழந்தை அவ்வளவு துன்பப்பட்டிருக்காது."

சிறுமி வெகுநேரம் உறங்கவில்லை. பூச்சி இடுக்கில் ஒளிந்தது; அதைப் பார்த்தவர் வெட்கத்தில் ஒளிந்தார். இரண்டும் சேர்ந்துதான் பத்து நாள்களை அந்தப் பூச்சிக்குக் கொடுத்துவிட்டன. பட்டியலின் கடைசி இரண்டு வரிகள் அந்த இரவில் பிறந்தவை.

இந்த ஆண்டும் வண்டி சம்பலைக் கடந்தது, நருமதையைக் கடந்தது. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறுமி ஒரு சொல்வரிசையைத் தொடங்கினாள். இந்தியில் கட்மல் என்று முதலில் எழுதினாள். நாக்பூரில் ஏறிய ஒரு பாட்டி, மராத்தியில் டேகூண் என்றார். வாரங்கல்லில் ஏறிய கல்லூரி மாணவி, தெலுங்கில் நல்லி என்றாள். பக்கத்துப் பெட்டியிலிருந்த படைவீரர் ஒருவர், மலையாளத்தில் மூட்ட என்றார். கேட்டவர் ஒவ்வொருவரும் முதலில் முகம் சுளித்தார், பிறகு சிரித்தார், பிறகு தம் வீட்டில் நடந்த கதை ஒன்றைச் சொன்னார். கதை இல்லாதவர் ஒருவரும் இல்லை.

சென்னையில் இம்முறையும் ஓர் இரவு தங்க வேண்டியிருந்தது. அவர்கள் சென்றது வேறொரு விடுதி. அறைக்குள் நுழைந்ததும் தம்பி வழக்கம்போலக் கட்டிலில் குதிக்கப் போனான். சிறுமி அவனைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிகளைக் கட்டிலின்மீதோ, சுவரோரத்திலோ வைக்காமல், குளியலறையின் ஓடு பதித்த தரையில் வைக்கச் சொன்னாள். வழவழப்பான வெள்ளைத் தரையில் பூச்சி ஒளிய இடமில்லை. ஊர்ந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

பிறகு அவளும் அப்பாவும் வேலையைத் தொடங்கினர். விரிப்பின் ஒரு மூலையை மெல்ல உயர்த்தி, மெத்தையின் விளிம்புத் தையலை டார்ச் விளக்கின் ஒளியில் பார்த்தனர். தேட வேண்டியது பூச்சியை மட்டும் அன்று. பேனா மையால் புள்ளி வைத்தது போன்ற கறைகள், பூச்சி உரித்துப்போட்ட வெளிர்மஞ்சள் தோல்கள், வெண்ணிற முட்டைகள் ஆகியவையும் அடையாளங்களே. நான்கு மூலைகளையும் பார்த்தபின், கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்புறம் ஒளியைச் செலுத்தினர். அங்கே, பலகையும் சட்டமும் சேரும் இடத்தில், மையைத் தெளித்தாற்போலக் கரும்புள்ளிகள் இருந்தன. அவற்றின் நடுவே ஒன்று அசைந்தது.

அப்பா விடுதியின் பணியாளரை அழைத்தார். வந்தவர் இளைஞர், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பலகையைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. "சார், மெதுவாகப் பேசுங்கள். அறையைச் சரியாகத் துடைக்கவில்லை என்று என்னைத்தான் சொல்வார்கள்" என்றார்.

சிறுமிக்கு அந்த முகம் எங்கோ பார்த்ததாகத் தோன்றியது. சென்ற ஆண்டு முற்றத்தில் நின்றிருந்த அம்மாவின் முகம் அது.

அப்பா மேலாளரிடம் தாமே சென்றார். "இது துடைப்பத்தால் போகும் பூச்சி அன்று. இந்தத் தம்பியின்மேல் தவறு இல்லை. எங்களைப் போன்ற பயணி ஒருவரின் பெட்டியில்தான் வந்திருக்கும். இந்த அறையை மூடிவைத்து, முறையாக மருந்தடிப்பவரை அழைத்துப் பாருங்கள்" என்றார். மேலாளர் முதலில் மறுத்தார். விளக்கொளியில் பார்த்தபின் தலையசைத்தார். அடுத்த அறையைத் தருவதாகச் சொன்னபோது அப்பா அதனை ஏற்கவில்லை. சுவரின் வெடிப்புகள் வழியாகவும் மின்கம்பிக் குழாய்கள் வழியாகவும் பக்கத்து அறைகளுக்கும் மேல், கீழ் அறைகளுக்கும் பூச்சி செல்லக்கூடும். ஆகவே, இரண்டு மாடிகள் தள்ளி வேறொரு கோடியில் இருந்த அறையைக் கேட்டு வாங்கினார். அங்கும் அதே தேடல் நடந்தது. ஓர் அடையாளமும் இல்லை. ஆயினும் துணிகளை அலமாரியில் அடுக்கவில்லை. அவை பாலித்தீன் பைகளில் கட்டியபடியே பெட்டிக்குள் இருந்தன; பெட்டி குளியலறையிலேயே இருந்தது.

மறுநாள் இரவு வண்டியில் அம்மா உறங்கவில்லை. விடியும் நேரத்தில், "முதல் அறையில் நம் பெட்டி பத்து நிமிடந்தானே இருந்தது? அதுவும் குளியலறைத் தரையில். ஒன்றும் ஏறியிருக்காது. ஊரில் இதைச் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். அப்பா மகளைப் பார்த்தார். மகள் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வயல்களுக்கு அப்பால் பனைமரங்கள் தோன்றத் தொடங்கியிருந்தன.

ஆச்சியின் வீட்டு வாசலில் கோலம் இன்னும் காயவில்லை. ஆச்சி திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். மாமா பெட்டிகளைத் தூக்கக் கையை நீட்டினார். நிலைப்படிக்கு அப்பால் அத்தை நின்றிருந்தார். அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, இப்போது நடக்கக் கற்றுவிட்ட குழந்தை நின்றிருந்தது. அது சிறுமியை அடையாளம் கண்டுகொண்டதா என்று தெரியவில்லை. அவளுக்கு ஓடிச் சென்று தூக்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இப்போது பேசினால், சென்ற ஆண்டைப் போலவே இந்த ஆண்டும் அந்தக் குழந்தை கைக்கு வராமல் போகலாம். பேசாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

அவள் வாசற்படியில் ஏறவில்லை.

"மாமா, பெட்டிகளை உள்ளே கொண்டுபோக வேண்டாம். சென்னையில் முதலில் கொடுத்த அறையில் மூட்டைப்பூச்சி இருந்தது. நாங்கள் அறையை மாற்றிக்கொண்டோம். தங்கிய அறையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும், பெட்டிகளை முற்றத்தில் வைத்துத் திறப்போம். துணிகளைக் கொதிநீரில் போட்ட பிறகு உள்ளே வருகிறோம்" என்றாள்.

வாசலில் யாரும் பேசவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, தாமாகவே தலையை நிமிர்த்தினார். "அவள் சொல்வது சரி, மதினி. போன வருடம் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். பெட்டியில் ஒன்றைப் பார்த்தேன், வெட்கப்பட்டு மறைத்துவிட்டேன்" என்றார்.

அத்தை ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்றார். சிறுமியின் நெஞ்சு படபடத்தது. சற்று நேரத்தில் அடுக்களையிலிருந்து பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. அத்தை பெரிய செம்புப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, முற்றத்துக் கல்லடுப்பின்மேல் வைத்தார். "விறகை எடுத்து வா, தாயி" என்றார்.

முற்றத்தில் பெட்டிகள் திறக்கப்பட்டன. பருத்தித் துணிகளெல்லாம் கொதிநீரில் மூழ்கின. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தைப் பூச்சியாலும் முட்டையாலும் தாங்க இயலாது. கொதிக்கும் நீர் அதைவிட மிகுந்த வெப்பமுடையது. கொதிநீரில் போட முடியாத கம்பளிச் சால்வையை, விடுதியில் வாய் திறக்கப்படாத அதன் பாலித்தீன் பையிலேயே விட்டுவைத்தார்கள். காலிப் பெட்டிகளின் தையல்களையும் மடிப்புகளையும் உள்ளறைகளையும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, டார்ச் விளக்கின் ஒளியில் மாமா ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்தார். பெட்டிகளை வெயிலில் போட்டால் போதாதா என்று ஆச்சி கேட்டார். "வெயில் பட்டால் அது நிழலைத் தேடி மடிப்புக்குள் போய்விடும், ஆச்சி. பார்த்துத் தேய்த்த பிறகு வெயிலில் வைக்கலாம்" என்றாள் சிறுமி. முன்பெல்லாம் கட்டில் மூட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றியதை ஆச்சி நினைவுகூர்ந்தார். அது தீப்பிடிக்கும் என்பதையும், படுக்கும் இடத்தில் கண்ட மருந்தையும் தெளிப்பது பூச்சியைவிட மனிதருக்கே கேடு செய்யும் என்பதையும் அப்பா எடுத்துச் சொன்னார்.

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடும் என்கிறீர்கள்" என்று ஆச்சி சிரித்தார். "போன வருடம் மெத்தையைக் கொளுத்தினோமே, அதுவும் ஏறக்குறைய அந்தக் கதைதான்."

அத்தை நீரைக் கோலால் கிளறிக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்காமல் பேசினார். "போன வருடம் நீங்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, மாமாவின் கட்டிலை விரிக்கும்போது ஒன்றைப் பார்த்தேன். அதற்கு முந்தின மாதம் என் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்திருந்தோம். சொன்னால் வீட்டைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று அத்தை நினைப்பார்களோ என்று சொல்லவில்லை. பழி உங்கள் பெட்டியின்மேல் விழுந்தபோதும் வாய் திறக்கவில்லை."

அடுப்பு வெடித்துப் பொறி பறந்தது. அம்மா எழுந்து சென்று மதினியின் கையிலிருந்த கோலை வாங்கிக்கொண்டார். "கை சுட்டுவிடும், நான் கிளறுகிறேன்" என்றார். அதற்கு மேல் அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தப் பூச்சி தில்லியிலிருந்து வந்ததா, கல்யாண வீட்டிலிருந்து வந்ததா, சென்னை விடுதியிலிருந்து வந்ததா என்பதை இனி யாராலும் கண்டுபிடிக்க இயலாது. கண்டுபிடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இரண்டு பேர் அதைப் பார்த்திருந்தார்கள். இரண்டு பேரும் மறைத்திருந்தார்கள். யாரேனும் ஒருவர் முதல் நாளே சொல்லியிருந்தால், தாத்தாவின் மெத்தை எரிந்திருக்காது.

நண்பகலுக்குள் கொடிகளில் துணிகள் காய்ந்தன. பெட்டிகளில் ஒரு பூச்சியும் அகப்படவில்லை. எல்லாரும் குளித்து, மாற்றுடை அணிந்து, வீட்டுக்குள் நுழைந்தனர். மரவண்டியைக் குழந்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதற்குப் பிடித்தது டார்ச் விளக்குத்தான். சிறுமியின் மடியில் உட்கார்ந்து, விளக்கை ஏற்றுவதும் அணைப்பதுமாக மாலைவரை விளையாடியது. அதை அவளுடைய கையில் கொடுத்தவர் அத்தை.

விடுமுறை முழுவதும் அவர்கள் அங்கே தங்கினர். புறப்படும் நாளில் ஆச்சி முறுக்கும் அதிரசமும் கட்டிக்கொடுத்தார். பெட்டிகளை அடுக்கும் முன்பு அத்தை டார்ச் விளக்கை எடுத்துவந்தார். பெட்டியின் ஒவ்வொரு தையலிலும் மடிப்பிலும் ஒளியை ஓட்டிப் பொறுமையாகப் பார்த்தார். அம்மா வியப்போடு நின்றார்.

"இங்கிருந்து ஒன்றும் அங்கே வந்துவிடக் கூடாது அல்லவா?" என்றார் அத்தை.

சிந்தித்து எழுதுக

1. அம்மாவும் அத்தையும் மூட்டைப்பூச்சியைப் பார்த்தும் சொல்லாததற்குக் காரணங்கள் யாவை? அவை ஒன்றா, வேறு வேறா?

2. விடுதி அறையில் சிறுமியும் அப்பாவும் என்னென்ன இடங்களைச் சோதித்தனர்? ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறுக.

3. பஞ்சதந்திரக் கதையில் பேனுக்கு நேர்ந்ததை, இப்பாடத்தில் வரும் நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு எழுதுக.

4. உங்கள் வகுப்பிலுள்ள பிறமொழி நண்பர்களிடம் மூட்டைப்பூச்சிக்கு அவர்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதுக. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் அதனை எவ்வாறு ஒழித்தனர் என்பதையும் கேட்டறிக.